பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி: யார் ஓட்டலாம், எது நியாயம்? டெல்டா மாணவிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நானும் ஒரு காலத்தில் ரோயிங் ஓட்டியவள்தான். இப்போது மாணவிகளுக்கு எர்க் மெஷினில், அதாவது தரையில் வைத்தே துடுப்பு இழுத்துப் பழகும் இயந்திரத்தில், அடிப்படைப் பயிற்சி சொல்லித் தருகிறேன். தகுதி விதி தெரியாமல் கடைசி நேரத்தில் பெயர் நீக்கப்பட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரோயிங் என்றால் பிச்சாவரத்தில் படகுக்காரர் துடுப்பு போடுவாரே, அதுவா?

அதற்கு உறவுதான், ஆனால் படகே வேறு. போட்டிப் படகில் நாம் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்போம். இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். வேகத்தில் பெரும்பங்கு காலால் தள்ளுவதில்தான் வருகிறது, கை கடைசியில்தான் வேலை செய்யும். இரண்டு கையிலும் தனித்தனித் துடுப்பு பிடித்தால் ஸ்கல்லிங், இரண்டு கையாலும் ஒரே நீளத் துடுப்பைப் பிடித்தால் ஸ்வீப். ஒருவர் ஓட்டும் படகு ஏறக்குறைய 8 மீட்டர் நீளம் இருக்கும், ஆனால் 14 கிலோ இருந்தாலே விதிக்குப் போதும். ஒரு அரிசிச் சிப்பத்தைவிட லேசு. போட்டித் தூரம் வழக்கமாக 2000 மீட்டர்.

காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு என்று இவ்வளவு ஆறு இருக்கிறதே, இங்கேயே பயிற்சி செய்தால் என்ன?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயம் என்ற பேச்சும் இங்கேதான் தொடங்குகிறது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும், ஜனவரி 28-ல் மூடும். மூடியிருக்கும் மாதங்களில் பல கிளை ஆறுகளில் மணல்தான் தெரியும். தண்ணீர் வரும் காலத்திலும் முறை வைத்துத்தான் விடுவார்கள், இன்று இருக்கும் மட்டம் அடுத்த வாரம் இருக்காது. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ரெகுலேட்டர் குறுக்கே நிற்கும் இடங்களும் உண்டு. ஷட்டருக்குப் பக்கத்தில் மெல்லிய படகைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. கொள்ளிடத்தில் அவற்றில் சிக்கி இறந்தவர்களின் செய்தியை ஒவ்வொரு ஆண்டும் படிக்கிறோம்.

சர்வதேச விதிப்படி போட்டித் தளத்தின் ஆழம் குறைந்தது 3 மீட்டர் வேண்டும், ஒவ்வொரு படகுக்கும் 13.5 மீட்டர் அகலத்தில் தனித் தடம் வேண்டும். ஆழம் குறைந்தால் படகின் அலை அடித்தரையில் பட்டு வேகத்தை இழுத்துப் பிடிக்கும். ஓடும் ஆற்றில் நடுத்தடத்தில் இழுப்பு அதிகம், கரையோரம் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் ஜெயித்தவள் யார், ஆறு யாரை ஜெயிக்க வைத்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

நம் பக்கத்தில் நீளம் என்று பார்த்தால் வீராணம் ஏரி இருக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வரும் ஏரி, பத்து கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆனால் அது சென்னைக்குக் குடிநீர், நம் ஆட்களுக்குப் பாசனம். விளையாட்டுக்குத் திறந்துவிட வேண்டுமென்றால் அரசுதான் மனம் வைக்க வேண்டும். திருவாரூர் கமலாலயம் கண்ணுக்கு நிறைந்த குளம்தான். ஆனால் தெப்பம் ஓடுகிற கோயில் குளம், அதை அப்படியே விட்டுவிடுவோம்.

ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு நிஜப் படகில் உட்கார வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது. அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் இருக்கிறது. தலைநகரப் பெண் காலை 6 மணிக்குப் படகில் ஏறி 9 மணிக்கு வகுப்புக்குப் போய்விடுவாள். திருத்துறைப்பூண்டிப் பெண்ணுக்குப் பேருந்துச் செலவு, தங்குமிடம், வீட்டில் அனுமதி என்று மூன்றையும் தாண்ட வேண்டும். விதிப்புத்தகத்தில் இருவருக்கும் ஒரே தகுதிதான். தலைமடையில் பாய்ந்து முடித்த பிறகு கடைமடைக்கு வரும் தண்ணீர் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? அதேதான் இங்கேயும்.

பல்கலைக்கழக அணியில் ஓட்ட என்ன தகுதி? நான் கரஸ்ல படிக்கிறேன், முடியுமா?

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். முழுநேர, ரெகுலர் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. கரஸ், தொலைநிலை வழியில் படிப்பவர்களுக்கு இடமில்லை. வயது, அந்த ஆண்டு ஜூலை 1 கணக்கில், 17-க்கும் 25-க்கும் இடையில் இருக்க வேண்டும். விதிகளில் திருத்தம் வரும், அதனால் உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையை வாங்கி நீங்களே படியுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்லூரி போனஃபைட், புகைப்படத்தோடு அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். நம் பக்கத்தில் இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது சகஜம். ஆதாரில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு தேதி இருக்கும். போட்டி நடக்கும் ஊரில், கண்ணாடி போட்ட அதிகாரி முன்னால் இதை விளக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ஜூன் மாதத்திலேயே சரி செய்துவிடுங்கள்.

படிப்பு வகையைப் பார்த்து ஒதுக்குவது அநியாயம் இல்லையா?

இந்தச் சண்டை நமக்கு மட்டும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தேம்ஸ் நதியில் மோதும் போட்டியில் 2025-ல் இதே தகராறு வந்தது. ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் இருந்த கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஓட்ட முடியாமல் போனது. அது பட்டம் இல்லை, சான்றிதழ் படிப்புதான் என்பது வாதம். முதல் இளநிலைப் பட்டத்தைத் தொடங்கி 12 ஆண்டுக்கு மேல் ஆனவர்களும் ஓட்டக் கூடாது என்று அங்கே ஒரு வரம்பு இருக்கிறது. 2019-ல் ஜேம்ஸ் கிராக்னெல் 46 வயதில் கேம்பிரிட்ஜுக்கு ஓட்டினார், அவர் இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியன். 19 வயது மாணவர்களுக்கு நடுவில் அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் வரம்பு ஏன் என்று புரியும்.

என் கருத்து இது: அணிக்காகவே ஒரு சீட் வாங்கி, வகுப்புப் பக்கமே போகாதவர்களைத் தடுக்க விதி வேண்டும். ஆனால் பி.எட். படிக்கிற பெண்ணும் மாணவிதான். தினமும் வகுப்புக்கு வருபவளை, படிப்பின் பெயரை வைத்து வெளியே தள்ளும் விதி எந்த ஊரில் இருந்தாலும் அதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பருவம் தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது.

நான் 54 கிலோதான் இருக்கிறேன். லைட்வெயிட்டில் ஓட்ட எடையைக் குறைக்க வேண்டுமா?

குறைக்க வேண்டாம். இதைச் சத்தமாகவே சொல்கிறேன்.

லைட்வெயிட் பெண்கள் பிரிவில் ஒருவருக்கு உச்ச வரம்பு 59 கிலோ, அணியின் சராசரி 57 கிலோவைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வரைக்கும் எடை பார்ப்பார்கள். நீங்கள் 54 என்றால் சராசரிக்கும் கீழேதான் இருக்கிறீர்கள். சாப்பிட்டு, தசையை ஏற்றுங்கள்.

இந்தப் பிரிவு வந்ததே சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காகத்தான். ஒலிம்பிக்கில் 1996-ல் நுழைந்தது, 2024 பாரிஸோடு முடிந்தது. அங்கே லைட்வெயிட் இரட்டையர் தங்கத்தை வென்ற பிரிட்டன் ஜோடியில் ஒருவரான இமோஜென் கிராண்ட் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். முந்தைய ஒலிம்பிக்கில் அதே ஜோடி 0.01 வினாடியில் வெண்கலத்தை விட்டது. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ள நாட்டுப் பெண்களுக்கு இந்தப் பிரிவு மூடப்பட்டது நஷ்டம்தான், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 62 கிலோ இருக்கும் பிள்ளையை 59-க்கு இறக்கு என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? காலை இட்லியை விடும். தண்ணீர் குடிக்காது. இரண்டு சட்டைக்கு மேல் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடும். பாட்டிலில் எச்சில் துப்பித் துப்பி எடையைக் குறைக்கும். இரண்டு மாதம் கழித்து மாதவிலக்கு வராது, வீட்டில் சொல்ல மாட்டாள். அப்புறம் விலா எலும்பில் விரிசல். செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாதபோது உடல் முதலில் நிறுத்துவது மாதவிலக்கை, அடுத்து கரைவது எலும்பு. மூன்று மாதம் தள்ளிப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எடையைக் காரணம் காட்டிப் பட்டினி கிடக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

உயரம் குறைவாக இருந்தால்?

நீளமான கையும் காலும் துடுப்பை அதிக தூரம் இழுக்கும், அதை மறுக்க முடியாது. அதற்கெல்லாம் விதியில் ஈடு கிடையாது. ஆனால் காக்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது: துடுப்பு போடாமல் படகைத் திருப்பி, எட்டுப் பேரையும் குரலால் நடத்துபவர். குறைந்தபட்ச எடை 55 கிலோ, குறைந்தால் மணல் மூட்டை வைத்து ஈடு செய்வார்கள். 2017-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் படகுக்கு ஆண் காக்ஸும், ஆண்கள் படகுக்குப் பெண் காக்ஸும் இருக்கலாம். சத்தமாகப் பேசுகிறாய் என்று வீட்டில் திட்டு வாங்கிய பெண்களை நான் இதற்குத்தான் தேடுகிறேன்.

பெண்களுக்குத் தனிப் போட்டி எதற்கு? எல்லோரும் ஒன்றாக ஓட்டினால் சமத்துவம்தானே?

எட்டுப் பேர் படகில் 2000 மீட்டரை ஜெர்மனி ஆண்கள் அணி 2017-ல் 5 நிமிடம் 18.68 வினாடியில் கடந்தது. ருமேனியா பெண்கள் அணி டோக்கியோவில் 5 நிமிடம் 52.99 வினாடி எடுத்தது. இரண்டுமே அப்போதைய உலகச் சாதனை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். தண்ணீரில் வேகம் கூடக்கூட எதிர்ப்பு பல மடங்கு ஏறும், அதனால் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குப் பின்னால் இருக்கும் பலத்தின் வித்தியாசம் இன்னும் பெரியது. பருவ வயதில் ஆண் உடலில் ஏறும் தசை, எலும்பு, நுரையீரல் அளவு எல்லாம் சேர்ந்து வருவது இது. ஒரே போட்டியாக வைத்தால் இறுதிச் சுற்றில் பெண்ணே இருக்க மாட்டாள்.

தனிப் பிரிவு கிடைத்ததும் சும்மா கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் ரோயிங் 1976 மாண்ட்ரியலில்தான் வந்தது, அதுவும் 1000 மீட்டர் மட்டும். பெண்களால் அதற்கு மேல் தாங்காது என்று நினைத்தார்கள். 1988-ல்தான் 2000 ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் பெண்கள் போட்டி 1927-ல் தொடங்கியும், ஆண்கள் ஓட்டும் அதே 6.8 கிலோமீட்டர் தேம்ஸ் தளத்துக்கு 2015-ல்தான் வந்து சேர்ந்தது. எண்பத்தெட்டு ஆண்டு.

திருநங்கை மாணவி பெண்கள் அணியில் ஓட்டலாமா?

இது மனிதர்களின் வாழ்க்கை, அதனால் நிதானமாகப் பேசுவோம். பிரிட்டன் ரோயிங் சங்கம் 2023 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவைப் பிறப்பில் பெண் என்று பதிவானவர்களுக்கு மட்டும் என்று ஆக்கி, மற்றவர்களுக்குப் பொதுப் பிரிவைத் திறந்தது. உலக ரோயிங் சம்மேளனம் அதே ஆண்டில் ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் வரம்பை, 24 மாதம் லிட்டருக்கு 2.5 நானோமோலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று இறுக்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2025 பிப்ரவரியில், அதிபரின் உத்தரவு வந்த மறுநாளே, பெண்கள் போட்டிகளைப் பிறப்பில் பெண் என்று பதிவானவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. விதிகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன, போட்டி நடத்துபவர் எழுத்தில் என்ன வைத்திருக்கிறார் என்பதுதான் செல்லும்.

ஆண் பருவ வயதில் கிடைத்த உடல் பலம் பிறகு மருந்தால் முழுதாகப் போய்விடுவதில்லை என்பது பெண்கள் பிரிவைப் பாதுகாக்க வேண்டும் என்பவர்களின் வாதம். எண்ணிக்கையில் மிகச் சிலரான திருநங்கைகளை மொத்தமாக விலக்குவது விளையாட்டையே அவர்களிடமிருந்து பறிப்பதாகும் என்பது மறுபக்கம். பதக்கம், வேலை, உதவித்தொகை என்று போகும் மேல்மட்டப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு எல்லை வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கல்லூரிக்குள், தொடக்கப் பயிற்சியில், கலப்பு அணிகளில் அந்த எல்லைக்கு வேலையே இல்லை. உச்ச நீதிமன்றம் 2014-லேயே மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துவிட்டது. எங்கள் எர்க் மெஷினில் உட்கார வரும் யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை, அனுப்பவும் மாட்டேன்.

எதிரணியினர் ஒரு பெண்ணைப் பார்த்து, "அவ பொண்ணு மாதிரியே இல்லை, டெஸ்ட் பண்ணுங்க" என்று சொன்னால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது என் மனம் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஏழைக் கூலிக் குடும்பம், தாங்கிப் பிடிக்க ஆளில்லாத பெண். சில நாட்களில் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருடைய உடலைப் பற்றிய விவரம் ஊடகமெல்லாம் பரவியது. அவர் ஏமாற்றவில்லை, மருந்து எடுக்கவில்லை, பிறந்த உடலோடு ஓடினார். பின்னாளில் செங்கல் சூளையில்கூட வேலை செய்தார். அதன் பிறகும் எழுந்து பயிற்சியாளராகிப் பிள்ளைகளை உருவாக்கினார் என்பதற்காக அவரை நான் கும்பிடுகிறேன்.

ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த், உடலில் இயற்கையாகவே ஆண் ஹார்மோன் வரம்புக்கு மேல் இருக்கிறது என்ற விதியால், 2014-ல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பின்வாங்காமல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-ல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு வேறு விதிகள் வந்தன. 2025 செப்டம்பரிலிருந்து தடகளத்தில் உலகப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு ஒரு முறை மரபணுச் சோதனை கட்டாயம் என்றாகியிருக்கிறது.

கல்லூரி மட்டத்தில் செய்ய வேண்டியது தெளிவு. முகத்தையோ முடியையோ குரலையோ மார்பையோ பார்த்து யாரும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் எழுத்தில், பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் தர வேண்டும். கரையில் நின்று கத்தினால் கத்தியவர் மீதுதான் நடவடிக்கை வேண்டும். அந்தப் பெண்ணின் சம்மதமும், அவள் நம்பும் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது. ஆடையைக் களையச் சொல்லும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் கிடையாது. முடிவு எதுவானாலும் வெளியே போகக் கூடாது. ஊடுபால் உடலமைப்போடு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டு வகையிலும் முழுதாக அடங்காத உடலோடு, பிறந்த பிள்ளைக்கே அது தெரியாமல் இருக்கலாம், அதை முதன்முதலில் பரிசளிப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்துத் தெரியப்படுத்துவது கொடுமை. தமிழ்நாட்டில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. குழந்தைக்குக் கொடுத்த மரியாதையைக் கல்லூரிப் பெண்ணுக்கும் கொடுப்போம்.

அணித் தேர்வில் வேண்டியவர்களைப் போட்டுக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. எப்படிக் கேட்பது?

எர்க் நேரத்தைக் கேளுங்கள், அது எழுத்தில் இருக்கும். படகில் தேர்வு நடந்தால் ஆள் மாற்றிப் பார்க்கும் முறை இருக்கிறது. இரண்டு நால்வர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுவார்கள். முதல் ஓட்டத்தில் 'அ' படகு இரண்டு மீட்டர் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைக்கு வராமலே, இரண்டு படகையும் ஒட்டி நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெண்ணை மட்டும் இடம் மாற்றி மறுபடி அதே தூரம் ஓட விடுவார்கள். இப்போது 'ஆ' படகு மூன்று மீட்டர் முந்தினால், இடம் மாறிய இருவரில் 'அ'-விலிருந்து 'ஆ'-வுக்குப் போனவள்தான் படகை வேகமாக்குகிறாள். எர்க்கில் சுமாராகத் தெரிந்த பெண் இதில் மேலே வருவது உண்டு. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுதிப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

உடை மாற்றக்கூட இடமில்லை. இதையெல்லாம் தகுதி, நியாயம் என்ற பேச்சில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்கலாம். அமெரிக்காவில் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-ல் சட்டம் வந்தது, டைட்டில் நைன் என்பார்கள். நான்கு ஆண்டு கழித்தும் யேல் பல்கலைக்கழகத்தில் ரோயிங் பெண்களுக்குக் குளிக்க இடமில்லை. ஆண்கள் குளித்து முடிக்கும்வரை ஈர உடையோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1976 மார்ச்சில் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பேர் அதிகாரியின் அறைக்குப் போய், உடையைக் களைந்து, உடலில் எழுதியிருந்த சட்டத்தின் பெயரைக் காட்டி நின்றார்கள். நாடே திரும்பிப் பார்த்தது, வசதி வந்தது. அங்கே பெண்கள் ரோயிங் 1997-ல் தேசியப் பல்கலைக்கழகச் சாம்பியன்ஷிப்பாகவே ஆனது.

நம் பிள்ளைகள் அப்படிச் செய்ய வேண்டாம். ஆனால் கழிப்பறை, உடை மாற்றும் அறை, கூட வரும் பெண் பொறுப்பாளர் இந்த மூன்றும் இல்லாமல் முகாமுக்கு அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர்கள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். தனியாகப் போய்க் கேட்டால் 'உங்க பொண்ணை அனுப்ப வேணாம்' என்று சொல்லிவிடுவார்கள்.

மகளுக்கு நீச்சல் தெரியாது. அனுப்பலாமா?

முதலில் நீச்சல், பிறகுதான் படகு. காவிரிக்கரை ஊரில் பையன்கள் ஐந்து வயதில் படித்துறையிலிருந்து குதிக்கிறார்கள், பெண் பிள்ளைகளை வயதுக்கு வந்ததும் கரையேற்றிவிடுகிறோம். பதினெட்டு வயதில் வந்து தண்ணீருக்குப் பயந்து நிற்கும் பெண்ணைத் தகுதியில்லை என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டு மாதம் நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

படித்து முடித்த பிறகு இதனால் என்ன பயன்?

பல்கலைக்கழகம் சார்பாகப் போட்டியிட்ட சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும். எந்தப் பதவிக்கு எந்த மட்டச் சான்றிதழ் செல்லும் என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டிலும் ரோயிங் இருந்திருக்கிறது, 2023-ல் கோரக்பூர் ராம்கர் ஏரியில் நடத்தினார்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இரட்டையர் வெண்கலம் வாங்கிய பிரதிமா புஹானாவும் பிரமிளா பிரவா மின்ஸும் ஒடிசாவின் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள். ஆனால் 2023 ஹாங்சோவில் இந்தியாவுக்குக் கிடைத்த ஐந்து ரோயிங் பதக்கமும் ஆண்களுடையது. பெண்களுக்கு இன்னும் நிறையப் படகும், நிறையப் பயிற்சி இடமும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, நான் நாளைக்கே தொடங்க என்ன செய்ய வேண்டும்?

உங்கள் ஊர் ஜிம்மில் ரோயிங் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள், இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டது. முதல் மாதம் நேரத்தைப் பார்க்க வேண்டாம். கால், முதுகு, கை என்ற வரிசை பழகட்டும், திரும்பும்போது கை, முதுகு, கால். இருபது நிமிடம் பேசிக்கொண்டே இழுக்க முடிகிற வேகம் போதும். அதற்குப் பிறகு 2000 மீட்டர் இழுத்து, நேரத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, உடற்கல்வித் துறையில் காட்டுங்கள். அதே நாளில் சான்றிதழ் நகல்களையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.